போருக்குப் போன பந்தாட்டக்காரர்கள் – 6: ஜிம்மி ஸ்பியர்ஸுக்குத் திறந்திருந்த வழிகள்

சென்ற இதழில் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி பட்டாளத்தில் சேர்ந்த கதையைப் பார்த்தோம். அவர்கள் போனது கூட்டமாக. பின்னாலேயே ஆதரவாளர்களும் போனார்கள்; ஊர் வாழ்த்தியது, பத்திரிகைகள் பாராட்டின. இந்த இதழின் நாயகர் அப்படி ஓர் அணியோடு போனவர் அல்லர். 1915 மே 17 அன்று, கிளாஸ்கோ நகரில், கேமரன் ஹைலேண்டர்ஸ் ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்தார். அப்போது வயது 29. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தின் மிகப் பெரிய கால்பந்துக் கோப்பையை அணித்தலைவராகக் கையில் வாங்கியவர் அவர். அந்த ஆட்டத்தின் ஒரே கோலையும் அடித்தவர். முழுப்பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன் ஸ்பியர்ஸ், மைதானத்தில் ஜிம்மி.

அந்தக் கோலை வைத்துத்தான் ஸ்பியர்ஸின் பெயர் இன்றும் புழங்குகிறது. அதைச் சொல்லாமல் நானும் நகர முடியாது. ஆனால் என்னை அதிகம் இழுப்பது அந்த மே மாதம். அன்றைக்கு எந்தச் சட்டமும் அவரை அழைக்கவில்லை. போகாமல் இருப்பதற்கு அவர் முன்னால் ஒன்றுக்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே யாரும் குறை சொல்ல முடியாத வழிகள். அங்கே போகும் முன் அவர் வந்த பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஸ்பியர்ஸ் பிறந்தது 1886 மார்ச் 22. ஊர், கிளாஸ்கோவின் தென்பகுதியில் இருக்கும் கோவன்ஹில். டிக்சன் இரும்பு ஆலையின் உலைகள் இரவு வானத்தையே சிவப்பாக்கிய தொழிலாளர் பேட்டை அது. அந்த வெளிச்சத்தை வைத்தே மக்கள் ஆலைக்கு 'டிக்சன்ஸ் பிளேசஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் உலை, அந்தப் பக்கம் பந்தாட்டம். 1903-இல் புதிய ஹாம்டன் பார்க் மைதானம் திறக்கப்பட்டதும் கோவன்ஹில்லுக்குப் பக்கத்தில்தான். ஒரு லட்சம் பேர் நின்று பார்க்கக்கூடிய மைதானம் உலகில் வேறெங்கும் நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில், கிளாஸ்கோவில் அது சாத்தியமாக இருந்தது.

ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆட்டத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இங்கிலாந்தில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிரே வருபவரை முட்டித் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக்கொடுத்து ஆடப் பழகியிருந்தார்கள். இன்று நாம் கால்பந்து என்று பார்ப்பதன் அடிப்படை அதுதான். அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க இங்கிலாந்து கிளப்புகள் ஸ்காட்டிய ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துப் போயின. 'ஸ்காட்ச் பேராசிரியர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஸ்பியர்ஸ் அந்த வழியில் பின்னால் வந்தவர்.

அவர் ஆடிய இடம் இன்சைட் ஃபார்வர்டு. அன்றைய அணிகளில் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் ஒருவர், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொருவர், இவர்களுக்கு இடையில் இரண்டு இன்சைடுகள். பின்னால் இருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் சேர்ப்பதும் இவர் வேலை. சந்தர்ப்பம் வாய்த்தால் கோல் அடிப்பதும் இவர் வேலை. உழைப்பும் தலையும் இரண்டும் வேண்டும். அணியின் தலைவர் பொறுப்பு இந்த இடத்தில் ஆடுபவரிடம் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனண்டேல், மேரிஹில் என்ற உள்ளூர் கிளப்புகளில் ஆடிவிட்டு 1905-இல் ரேஞ்சர்ஸுக்கு வந்தார். ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் மரப்படிக்கட்டு உடைந்து 25 பேர் இறந்துபோய் அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. களத்திலும் ரேஞ்சர்ஸுக்கு நல்ல காலம் அல்ல. அதே ஊரின் செல்டிக் 1905 தொடங்கி 1910 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது. ஆகவே ஸ்பியர்ஸுக்கு அங்கே லீக் பட்டம் வாய்க்கவில்லை. ஆனால் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு வந்தது. 1908 மார்ச் 7, டன்டீ நகரின் டென்ஸ் பார்க், எதிரணி வேல்ஸ். ஸ்காட்லாந்து 2–1 என்று வென்றது.

அதுவே முதலும் கடைசியும். ஒரு மாதம் கழித்து ஹாம்டனில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க 1,21,452 பேர் வந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தின் அணியில் கோவன்ஹில்காரரின் பெயர் இல்லை. பிறகு இங்கிலாந்து போய் எவ்வளவோ உயரம் தொட்ட பின்னும் ஸ்காட்லாந்து அவரை மறுபடி கூப்பிடவில்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் நல்ல முன்வரிசைக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை என்பது ஒரு காரணம். இருந்தாலும் 1911-க்குப் பிறகும் கூப்பிடாததை என்னால் ஏற்க முடியவில்லை.

1908-இல் கிளைட் அணிக்கு மாறினார். ஒரே ஒரு பருவம். சின்ன கிளப்பான கிளைட் அந்த ஆண்டு லீகில் மூன்றாவது இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு எல்லையைத் தாண்டி இங்கிலாந்து, யார்க்‌ஷயர், பிராட்ஃபோர்டு.

பிராட்ஃபோர்டு கம்பளி நகரம். உலகத்தின் கம்பளி வியாபாரம் அந்த ஊரின் சந்தையைப் பார்த்து விலை வைத்த காலம். ஜெர்மனியிலிருந்து வந்த கம்பளி வியாபாரிகள் கட்டிய கிடங்குகள் நிறைந்த பகுதிக்கு 'லிட்டில் ஜெர்மனி' என்று பெயர். இன்றும் அந்தப் பெயர் மாறவில்லை. ஊருக்குப் பணம் இருந்தது, உழைக்கும் கூட்டம் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது ரக்பி. மானிங்ஹாம் என்ற ரக்பி கிளப் 1903-இல் ரக்பியையே கைவிட்டு, பெயரை பிராட்ஃபோர்டு சிட்டி என்று மாற்றிக்கொண்டு, ஓர் ஆட்டம்கூட ஆடாமலே கால்பந்து லீகில் இடம் வாங்கியது. ரக்பி ஊர்களில் கால்பந்தைப் பரப்ப லீக் நிர்வாகத்துக்கு இருந்த ஆசை அப்படி. ஐந்தே ஆண்டுகளில், 1908-இல், அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது.

ஏற்றியவர் மேலாளர் பீட்டர் ஓ'ரூர்க், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். தன் நாட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். 1911 இறுதி ஆட்டத்தில் இறங்கிய 11 பேரில் 8 பேர் ஸ்காட்டியர்கள். யார்க்‌ஷயர் கிளப்பின் உடையில் ஒரு கிளாஸ்கோ அணி என்று சொன்னாலும் தப்பில்லை.

1910–11 பிராட்ஃபோர்டு சிட்டியின் பொற்காலம். லீகில் ஐந்தாவது இடம். அந்தக் கிளப் அதற்கு மேல் இன்றுவரை போனதில்லை. கோப்பைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாகக் கடந்து, மார்ச் 11 அன்று பர்ன்லியைத் தன் சொந்த மைதானமான வேலி பரேடில் 1–0 என்று வென்றது. அன்று வந்த கூட்டம் 39,146. வேலி பரேடின் அந்தச் சாதனை ஒரு நூற்றாண்டு தாண்டியும் முறியவில்லை. அரையிறுதியில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் 3–0 என்று வீழ்ந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நியூகாசில் யுனைடெட். 1905, 1907, 1909 என மூன்று முறை லீக் பட்டம்; ஏழு ஆண்டுகளில் ஐந்தாவது முறையாகக் கோப்பை இறுதி; முந்தைய ஆண்டின் கோப்பையும் அவர்கள் வசம்தான். ஏப்ரல் 22, லண்டன் கிரிஸ்டல் பேலஸ், 69,000 பேர். யாரும் கோல் போடவில்லை. பெனால்டி உதைத்து முடிவு காண்பதெல்லாம் பிற்காலத்து ஏற்பாடு; அன்றைக்கு வழக்கம், இன்னொரு நாள் மறுபடி ஆடுவது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26 புதன்கிழமை, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் சந்தித்தார்கள். மைதானம் திறந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பிராட்ஃபோர்டு ஒரு மாற்றம் செய்தது. சென்டர் ஹாஃப் இடத்தில் வில்லி கில்டியாவுக்குப் பதில் இளைஞர் பாப் டாரன்ஸ் இறங்கினார். அவரும் ஸ்காட்டியர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் அது நடந்தது. கோலுக்கு முன்னால் நெரிசல். சென்டர் ஃபார்வர்டு ஃபிராங்க் ஓ'ரூர்க் அங்கே எதிரணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஸ்பியர்ஸ் தலையால் தட்டிய பந்து வலைக்குள் போய் விழுந்தது. கோல்காப்பாளர் ஜிம்மி லாரன்ஸ். அவரும் கிளாஸ்கோக்காரரே. மீதி 75 நிமிடமும் நியூகாசில் முட்டி மோதிப் பார்த்தது. டாரன்ஸ் பாறையாக நின்றார். 1–0.

அந்த ஆண்டு கோப்பையும் புதுசு. பழைய கோப்பையின் வடிவத்தை யாரோ நகலெடுத்துவிட்டார்கள் என்று கால்பந்துச் சங்கம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தது. செய்து கொடுத்த நகைக்கடை, ஃபட்டோரினி அண்ட் சன்ஸ். அது பிராட்ஃபோர்டு நகரத்துக் கடை! தன் ஊரில் வார்க்கப்பட்ட கோப்பையை முதன்முதலில் வாங்கி ஊருக்கே கொண்டுவரும் பாக்கியம் அணித்தலைவர் ஸ்பியர்ஸுக்குக் கிடைத்தது. பிராட்ஃபோர்டு சிட்டி அதற்கு முன்பும் பின்பும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. ஒரு கிளப்பின் முழு வரலாற்றிலும் ஒரே ஒரு முறை. அதைத் தந்தது ஒரே ஒரு கோல். அந்த ஊரில் ஸ்பியர்ஸ் பெயருக்கு இருக்கும் மதிப்பை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பிராட்ஃபோர்டு சிட்டி அவரை விற்றது. வாங்கியது பத்து மைல் தள்ளியிருந்த லீட்ஸ் சிட்டி. விலை 1,400 பவுண்டு. அன்றைய நிலவரத்தில் பெரிய தொகை. இதில் ஆட்டக்காரரின் நிலைமை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று 1901 முதல் விதி இருந்தது. 1910-க்குப் பிறகு ஒரே கிளப்பில் நீண்டகாலம் ஆடியவர்களுக்கு 5 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 4 பவுண்டு சம்பளக்காரர் 1,400 பவுண்டு சம்பாதிக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். அவர் காலின் விலை அவ்வளவு என்று இரண்டு கிளப்புகள் ஒத்துக்கொண்டன. பணம் ஒரு கிளப்பின் கணக்கிலிருந்து இன்னொரு கிளப்பின் கணக்குக்குப் போனது. கிளப் விடாமல் ஆட்டக்காரர் வேறிடம் போகவும் முடியாது. போர் தொடங்கிய பிறகு இந்த மனிதர்களைப் பார்த்துத்தான் 'பணத்துக்கு ஆடுகிறவர்கள்' என்று ஏசினார்கள்.

லீட்ஸ் சிட்டியில் அவரை வாங்கியவர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு டவுனையும் ஆர்சனலையும் இங்கிலாந்தின் உச்சிக்குக் கொண்டுபோன அதே சாப்மன். அப்போது இளம் மேலாளர். இரண்டாம் டிவிஷனில் தவித்த அணிக்கு அனுபவமுள்ள ஒரு மூளை வேண்டும் என்று ஸ்பியர்ஸைத் தேடிப் பிடித்தார். பலன் தெரிந்தது. 1913–14 பருவத்தில் லீட்ஸ் சிட்டி நான்காவது இடம். மேல் டிவிஷனுக்கு ஏறும் வாய்ப்பு இரண்டே இரண்டு புள்ளிகளில் தப்பியது. அடுத்த பருவம் நிச்சயம் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும்போது ஆகஸ்ட் 4 வந்தது. பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது.

போர் வந்தும் லீக் நிற்கவில்லை. கிளப்புகள் ஒப்பந்தம் போட்டிருந்தன, சீக்கிரம் முடிந்துவிடும் என்ற எண்ணமும் இருந்தது. அதற்குக் கிடைத்த வசை கொஞ்சநஞ்சமல்ல. பிரான்ஸில் பையன்கள் சாகும்போது இங்கே பந்து உதைப்பதா என்று பத்திரிகைகளில் கடிதம் மேல் கடிதம். ஆட்டக்காரர்கள் கோழைகள், பார்க்கப் போகிறவர்கள் பொறுப்பற்றவர்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அதே மாதங்களில் குதிரைப் பந்தயமும் நடந்துகொண்டிருந்தது. பணக்காரர்களின் கல்லூரிப் பையன்கள் ஆடிய ரக்பி நின்றுவிட்டதைக் காட்டிக் கால்பந்தை இடித்தார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் அந்தப் பையன்கள் வீட்டில் உலை கொதிக்காமல் போகாது என்பதை யாரும் சொல்லவில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளை பந்தாடிச் சம்பாதிப்பதே பலருக்கு முதலிலிருந்து பிடிக்காத விஷயம். போர் அவர்களுக்கு ஒரு சாக்கு.

1915 ஏப்ரல் 24 அன்று கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. பார்வையாளர்களில் ராணுவ உடுப்புக்காரர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் அதற்குக் 'காக்கிக் கோப்பை இறுதி' என்றே பெயர் வந்துவிட்டது. இடம் ஓல்டு டிராஃபோர்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்பியர்ஸ் கோல் அடித்த அதே மைதானம். அதோடு லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டன. ஸ்பியர்ஸ் கிளாஸ்கோ திரும்பினார்.

இப்போது அந்த மூன்று வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, சும்மா இருப்பது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் திருமணம் ஆகாதவர்களுக்கு. மணமானவர்களுக்கு அது நீண்டது 1916 மே மாதம். ஆக, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஸ்பியர்ஸ் முழுசாக ஒரு வருடம் வீட்டில் இருந்திருக்கலாம். இரண்டாவது, வேலை. கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் தளங்களும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளும் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன. போருக்கு அவசியமான வேலை என்று அரசே அங்கீகரித்த இடங்கள் அவை. அவருடைய மேலாளர் சாப்மனே லீட்ஸ் பக்கம் பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்புக்குப் போனார். அவரை யாரும் குறை சொன்னதில்லை. 1916 டிசம்பரில் அங்கே ஒரே வெடிப்பில் 35 பெண்கள் செத்துப்போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்றாவது, பந்து. இங்கிலாந்தில் லீக் நின்றதே தவிர, ஸ்காட்டிஷ் லீக் போர் முழுக்க நடந்தது. வாரம் ஒரு பவுண்டுதான் சம்பளம், பகலில் போருக்கான வேலை ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை. கோப்பை வென்ற அணித்தலைவர் தன் சொந்த ஊரில் ஏதாவது ஒரு கிளப்பின் கதவைத் தட்டியிருந்தால் யார் வேண்டாம் என்றிருப்பார்கள்?

இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மே 17 அன்று பட்டாளத்தில் சேர்ந்தார். ஐந்தாம் நாள், மே 22, ஸ்காட்லாந்துப் படைவீரர்களை ஏற்றிப்போன ரயில் குவின்டின்ஸ்ஹில்லில் மோதி இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பு, மே 7 அன்று, கிளாஸ்கோ பக்கத்துக் கிளைட்பேங்கில் கட்டப்பட்ட லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்திருந்தது. அந்த மாதம் ஸ்காட்லாந்தில் போர் தூரத்துச் செய்தியாக இல்லை. சிப்பாய்க்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங், வாரத்துக்கு ஏழு. பந்தாடியபோது வாங்கியது வாரம் 80 ஷில்லிங்குக்குக் குறையாது.

கேமரன் ஹைலேண்டர்ஸ், ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியைச் சேர்ந்த பழைய ரெஜிமெண்ட். போர்முனையிலும் கில்ட் அணிந்து நின்றவர்கள். பதுங்குகுழிச் சேற்றில் கம்பளிக் கில்ட் நனைந்து கனத்து, ஓரம் உறைந்து கத்திபோல் தொடையை அறுக்கும். 1916-இல் ஸ்பியர்ஸ் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். 15-ஆவது ஸ்காட்டிய டிவிஷனைச் சேர்ந்த ஏழாம் பட்டாலியன் அவருடையது.

1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள். பனி பெய்துகொண்டிருந்த காலையில் அராஸ் நகருக்கு முன்னால் பிரிட்டிஷ் தாக்குதல் தொடங்கியது. முதல் நாள் நல்ல முன்னேற்றம்; பிறகு வழக்கம்போல் இறுகிப்போனது. மே நடுப்பகுதி வரை 39 நாள் நடந்த அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக நாலாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், காயமுற்றார்கள், காணாமல் போனார்கள். சோம் போரையே மிஞ்சிய கணக்கு இது. 44 ஸ்காட்டிய பட்டாலியன்கள் அங்கே இருந்தன. சோம் என்றும் பாஷன்டேல் என்றும் எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்தின் வீடுகளில் அதிகம் அழுகை கேட்டது அராஸுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அராஸில் காட்டிய துணிவுக்காக ஸ்பியர்ஸுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. அதிகாரிகள் அல்லாத சாதாரணப் படைவீரர்களுக்கென்று 1916-இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் அது. ஜூன் மாதம் சார்ஜென்ட் ஆனார். சிப்பாயாகச் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில் இது சின்ன விஷயம் இல்லை. இன்சைட் ஃபார்வர்டு இடத்தில் ஆடி அணியை நடத்தியவரிடம் அந்தப் பட்டாலியன் எதைக் கண்டுகொண்டது என்று ஊகிப்பது கடினமும் இல்லை.

ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்குக் கிழக்கே அடுத்த பெரும்போர் தொடங்கியது. மூன்றாம் ஈப்ர என்று பட்டாளக் கணக்கில். மக்கள் வாயில் பாஷன்டேல். அந்தப் பகுதி நிலம் தாழ்வானது, களிமண். தண்ணீர் வடிவதற்கு உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வைத்திருந்த வாய்க்கால்கள்தான் அதை வயலாக வைத்திருந்தன. தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் பீரங்கிகள் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தபோது அந்த வாய்க்கால்கள் எல்லாம் உடைந்து மண்ணோடு மண்ணாயின. தாக்குதல் தொடங்கிய அன்று மாலையே மழை பிடித்தது. அந்த ஆகஸ்டில் பெய்தது 127 மில்லிமீட்டர். வழக்கமாக அந்த மாதத்தில் பெய்வதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. வடிய வழியில்லாத தண்ணீர் குண்டு விழுந்த குழிகளில் நின்றது. காயம்பட்டவர்கள் பாதுகாப்பு தேடி இறங்கியதும் அந்தக் குழிகளுக்குள்தான்.

ஆகஸ்ட் 20 அன்று சார்ஜென்ட் ஸ்பியர்ஸ் அங்கே இறந்தார். தொடையில் காயம்பட்டு ஒரு குண்டுக்குழிக்குள் ஊர்ந்து போனார் என்று பின்னர் ஊருக்குச் செய்தி வந்தது. அவரை மீட்க முடியவில்லை. வயது 31.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919-இல், உடல் கிடைத்தது. போர்க்களத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த உடல்களைத் திரட்டிக் கொண்டுவந்து அடக்கம் செய்த இடங்களில் ஒன்று டாக்கி ஃபார்ம் கல்லறைத்தோட்டம். அங்கே இருப்பவர்கள் 1,439 பேர். அவர்களில் 958 பேருக்குப் பெயர் தெரியாது. ஸ்பியர்ஸின் கல்லில் பெயர் உண்டு. பிராட்ஃபோர்டு சிட்டி ரசிகர்கள் இன்றும் அந்தக் கல்லைத் தேடிப் போகிறார்கள். கிளப்பின் நிறங்களான அடர்சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சால்வைகளை அங்கே வைக்கிறார்கள். அவரது 1911 கோப்பைப் பதக்கம் 2003-இல் 26,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அவர் ஆடிய காலத்தில் உச்சபட்ச சம்பளம் வாங்கியவருக்குக்கூட இந்தத் தொகையைச் சேர்க்க நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பாப் டாரன்ஸை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஓல்டு டிராஃபோர்டில் நியூகாசிலை மறித்து நின்ற அந்த இளைஞர் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1918 ஏப்ரலில் கொல்லப்பட்டார். கோப்பை வென்ற 11 பேரில் இருவரைப் போர் எடுத்துக்கொண்டது, இருவரும் ஸ்காட்டியர்கள். அவர்களோடு பிராட்ஃபோர்டிலும், பின்பு ஸ்பியர்ஸோடு லீட்ஸிலும் இருந்த எவலின் லின்டாட், இங்கிலாந்துக்காரர், பள்ளி ஆசிரியர், 1916 ஜூலை 1 அன்று சோமில் இறந்தார். ராணுவத்தில் அதிகாரிப் பதவி பெற்ற முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவரைச் சொல்வார்கள்.

ஸ்பியர்ஸ் கடைசியாக ஆடிய லீட்ஸ் சிட்டியும் போரைத் தாண்டவில்லை. போர்க்கால ஆட்டங்களில் வெளி ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறி ரகசியமாகப் பணம் கொடுத்தது என்று குற்றச்சாட்டு வந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததால் 1919 அக்டோபரில் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆட்டக்காரர்களை ஒரு ஹோட்டலில் கூட்டி வைத்து மற்ற கிளப்புகளுக்கு ஏலம் விட்டார்கள். இன்றைய லீட்ஸ் யுனைடெட் அதன் பிறகு தொடங்கப்பட்டது. சாப்மனுக்கும் தடை விழுந்தது. அந்தச் சமயத்தில் தான் பார்ன்போவில் வேலையில் இருந்ததைக் காட்டித் தடையை நீக்கிக்கொண்டார்.

ஸ்பியர்ஸின் கதையைத் தேடிப் போனபோது இன்னொரு பெயர் விடாமல் குறுக்கே வந்துகொண்டிருந்தது. 1911-க்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1909 கோப்பை இறுதியிலும் ஒரே கோல்; 1–0. அடித்தவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் சாண்டி டர்ன்புல். எயர்ஷயரைச் சேர்ந்த ஸ்காட்டியர், இவரும் இன்சைட் ஃபார்வர்டு. ஓல்டு டிராஃபோர்டு மைதானம் திறந்த நாளில் அங்கே விழுந்த முதல் கோலும் அவருடையதுதான். ஸ்பியர்ஸ் பதக்கம் பெற்ற அதே அராஸ் போரில், 1917 மே 3 அன்று, டர்ன்புல் இறந்தார். உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்பியர்ஸைப் போல் ஊர் கொண்டாடும் நாயகராக அவர் பட்டாளத்துக்குப் போகவில்லை. சூதாட்டத்துக்காக ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்த குற்றத்தில் ஆயுள் தடை விதிக்கப்பட்டவர் அவர். அந்த வழக்கையும் அராஸையும் அடுத்த இதழில் பார்ப்போம்.